கோல் விழாமல் காத்தவர்

2010-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டி நடைபெற்றது. ஸ்பெயின் நாடு முதன்முறையாக அக்கிண்ணத்தை வென்றது. அந்தப் போட்டியில் ஸ்பெயின் ஆடிய கடைசி நான்கு ஆட்டங்களின் முடிவுகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். போர்த்துகலுடன் 1-0. பராகுவேயுடன் 1-0. ஜெர்மனியுடன் 1-0. இறுதியாட்டத்தில் நெதர்லாந்துடன் 1-0.

அந்த ஒன்றை அடித்தவர் யார் என்று கேட்டால் நம் பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். முதல் இரண்டு ஆட்டங்களில் டேவிட் வில்லா, இறுதியாட்டத்தில் இனியெஸ்தா. ஆனால் அந்தப் பூஜ்யத்தை வாங்கிக் கொடுத்தவர் யார் என்று கேட்டால் பலரும் தலையைச் சொறிவார்கள். இறுதியாட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனதையும் சேர்த்தால் மொத்தம் 390 நிமிடங்கள். அத்தனை நிமிடங்களிலும் ஸ்பெயினின் வலைக்குள் ஒரு பந்துகூட விழவில்லை. இன்று நாம் பேசப்போவது அந்தப் பூஜ்யத்தைப் பற்றித்தான். அதற்குக் காவல் நின்றவர்களில் ஒருவரான கார்லெஸ் புயோல் என்பவரின் ஆட்ட வாழ்க்கையைச் சொன்னால் விஷயம் விளங்கும்.

முதலில் தற்காப்பு ஆட்டக்காரர் என்றால் யார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். பந்தே பார்த்திராத தாய்மார்களும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஓர் அணியில் பதினொரு பேர். கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்பவர் கோல் காவலர். அவருக்கு முன்னால் பெரும்பாலும் நான்கு பேர் வரிசையாக நிற்பார்கள். இடப்புறம் ஒருவர், வலப்புறம் ஒருவர், நடுவில் இருவர். இந்த நால்வருமே தற்காப்பு ஆட்டக்காரர்கள். எதிரணியினர் கோல் அடிக்கவிடாமல் தடுப்பது அவர்கள் வேலை. நடுவில் நிற்கும் இருவருக்குத்தான் பொறுப்பு அதிகம். புயோல் தம் புகழ்பெற்ற ஆண்டுகளில் நின்ற இடம் அதுதான்.

நம் தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் மாலையில் ஆள் பிரித்து விளையாடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? நன்றாக ஓடுகிறவன், நன்றாக உதைக்கிறவன் முன்னால் போய்விடுவான். புதிதாகப் பள்ளிக்கு வந்தவன், சற்றுத் தடித்தவன், காலணி கிழிந்தவன் ஆகியோரை, “நீ பின்னால நில்லுடா!” என்று அனுப்பிவிடுவார்கள். பின்வரிசையில் நிற்பது ஒரு தண்டனைபோல் ஆகிவிடுகிறது. பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? பெரியவர்களான நாமும் மொக்தார் டஹாரி அடித்த கோல்களை இன்றும் வாய் ஓயாமல் பேசுகிறோம். ஆறுமுகத்துக்கு முன்னால் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் நின்று தடுத்தார்களே, அவர்கள் தடுத்த எந்தப் பந்தை நாம் எண்ணி வைத்திருக்கிறோம்? விழாத கோலுக்குக் கணக்கில்லை.

இனிப் புயோலின் கதைக்கு வருவோம்.

ஸ்பெயினின் வடகிழக்கில் கத்தலோனியா என்றொரு பகுதி உண்டு. அங்குள்ள மக்களுக்குத் தனி மொழி, தனிப் பழக்கவழக்கங்கள். அதன் தலைநகரம் பார்சிலோனா. கத்தலோனியாவின் வட எல்லையில் பிரனீஸ் மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. அந்த மலையடிவாரத்தில் லா போப்லா டி செகுர் என்ற சிற்றூர். லெய்டா நகரத்திலிருந்து வரும் ரயில் பாதை அங்கேயே முடிந்துவிடும். அதற்கு மேல் மலைதான். 1978-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் புயோல் அவ்வூரில் பிறந்தார்.

சிறுவயதில் அவர் தற்காப்பு ஆட்டக்காரராக இருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. முதலில் கோல் காவலராக நின்றார். தோள்பட்டையில் தொல்லை வந்ததும் அந்த இடத்தை விட்டு முன்வரிசைக்குப் போய்க் கோல் அடிக்கும் ஆட்டக்காரரானார். ஆக, கோல் கம்பங்களுக்கு நடுவே நின்று பந்து எப்படி வருகிறது என்று பார்த்தவர். முன்னால் நின்று கோல் அடிப்பவன் எப்படி யோசிக்கிறான் என்றும் அறிந்தவர். பிற்காலத்தில் இந்த இரண்டு அனுபவமும் அவருக்குக் கை கொடுத்திருக்கும் என்பது என் எண்ணம். திருடன் எந்த வழியாக வருவான் என்று தெரிந்தவனல்லவா நல்ல காவல்காரன்!

அவருடைய பெற்றோருக்கு இந்தப் பந்து விளையாட்டில் நம்பிக்கை இருக்கவில்லை. பந்தை நம்பாதே, படி என்றுதான் சொன்னார்கள். நேயர்களில் பெற்றோராக இருப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அந்தப் பெற்றோர் சொன்னது தவறா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். பந்து விளையாடிப் பிழைக்கலாம் என்று புறப்படும் ஆயிரம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது கைகூடுகிறது? கால் எலும்பு ஒருமுறை முறிந்தால் போதும், அத்தனையும் போய்விடும். படிப்பு அப்படிப்பட்டதன்று. ஆனால் படி என்று சொன்ன அதே பெற்றோர், பிள்ளைக்கு வாய்ப்பு வந்தபோது கதவை மூடிவிடவில்லை. 1995-ஆம் ஆண்டு, பதினேழு வயதில், பார்சிலோனா கழகத்தின் இளைஞர் பயிற்சியில் சேரப் புயோல் ஊரை விட்டுப் புறப்பட்டார்.

அந்தப் பயிற்சி இல்லத்தின் பெயர் லா மாசியா. கத்தலான் மொழியில் மாசியா என்றால் பண்ணை வீடு. உண்மையிலேயே அது 1702-ஆம் ஆண்டு கட்டப்பட்ட பழைய கல்வீடு. பார்சிலோனாவின் பெரிய விளையாட்டரங்கின் பக்கத்திலேயே இருக்கிறது. 1979-ஆம் ஆண்டு அதனை வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதியாக ஆக்கினார்கள். தங்கிப் படிக்கும் விடுதி என்று சொன்னேன், கவனித்தீர்களா? பகலில் பள்ளிக்கூடம், பிறகு பந்து. 2011-ஆம் ஆண்டு விடுதி வேறு புதிய கட்டடத்துக்கு மாறியது. ஆனால் பழைய வீட்டின் பெயரே அந்தப் பயிற்சி முறைக்கு நிலைத்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் உலகக் கிண்ண இறுதியாட்டத்தைத் தொடங்கிய பதினொரு ஸ்பெயின் ஆட்டக்காரர்களில் ஆறு பேர் அந்தக் கழகத்தின் இளைஞர் பயிற்சியில் உருவானவர்கள்.

பதினேழு வயது என்பது அங்கே சேருவதற்குப் பிந்திய வயது. மற்றப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே வந்து, பந்தைக் காலோடு ஒட்டவைத்ததுபோல் ஆடப் பழகியிருப்பார்கள். மலையூரிலிருந்து வந்த புயோலுக்கு அந்த நளினம் கிடையாது. முதலில் நடுத்திடலில் தடுப்பு வேலை கொடுத்தார்கள். பிறகு வலப்புறத் தற்காப்புக்கு மாற்றினார்கள். 1998-ஆம் ஆண்டு வாக்கில், அவரை மாலாகா என்ற வேறொரு கழகத்துக்கு அனுப்பிவிடப் பார்சிலோனா இணங்கியது. புயோல் போக மறுத்தார். தம்மோடு பயின்ற சாவி முதல் அணியில் ஆடத் தொடங்கிவிட்டதைப் பார்த்தார். நாமும் இங்கேயே இருந்து முயல்வோம் என்று முடிவு செய்தார். துணிச்சலான முடிவுதான். வேண்டாம் என்று சொல்லும் வீட்டில் இருந்து காட்டுவது எளிதன்று.

1999-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், வல்லாடோலிட் அணிக்கு எதிரான ஆட்டத்தில், நெதர்லாந்து நாட்டுப் பயிற்றுநர் லூயி வான் கால் அவரை முதல் அணியில் இறக்கினார். அப்போது புயோலுக்கு வயது இருபத்தொன்று.

ஓராண்டு கழித்து ஓர் ஆட்டம் அவரை ஸ்பெயின் முழுவதற்கும் அறிமுகம் செய்தது. போர்த்துகல் நாட்டின் லூயி ஃபீகோ பார்சிலோனாவின் செல்லப்பிள்ளையாக ஐந்து ஆண்டுகள் ஆடியவர். 2000-ஆம் ஆண்டு அவர் பரம எதிரியான ரியால் மட்ரிட் கழகத்துக்குப் போய்விட்டார். அதுவரை உலகில் எந்த ஆட்டக்காரருக்கும் கொடுக்கப்படாத தொகை அவருக்குக் கொடுக்கப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் ஃபீகோ எதிரணிச் சட்டையோடு பார்சிலோனா அரங்குக்கு வந்தார். கூட்டத்தினரின் கூச்சல் காதைப் பிளந்தது. அவரை நோக்கிப் பொருள்களை வீசினார்கள். அது ஒரு கெட்ட செயல். அதை நான் நியாயப்படுத்தமாட்டேன். ஆனால் அந்த ஆட்டத்தில் ஃபீகோவை அடக்கியது அந்தக் கூச்சலன்று. அவரைத் தடுக்கும் பொறுப்பு இருபத்திரண்டு வயது புயோலிடம் கொடுக்கப்பட்டிருந்தது. ஃபீகோ எங்கே போனாலும் புயோலும் போனார். பந்து அவர் காலுக்கு வரும் முன்பே இவர் அங்கே நின்றார். பார்சிலோனா 2-0 என்று வென்றது. ஒருவனைத் தடுப்பது என்றால் அவனை உதைப்பது என்று நம் பிள்ளைகள் சிலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. அவன் அடுத்து என்ன செய்ய விரும்புகிறான் என்று அவனுக்கு முன்பே கண்டுகொள்வதுதான் தடுப்பது.

அதற்கடுத்த மாதமே ஸ்பெயின் நாட்டு அணியிலும் அவர் இடம் பெற்றார். இத்தனை உழைத்தும் கழகத்தில் என்ன கிடைத்தது தெரியுமா? ஒன்றுமில்லை. அவர் முதல் அணிக்கு வந்த பிறகு ஐந்து பருவங்கள் பார்சிலோனா ஒரு பெரிய கிண்ணத்தையும் வெல்லவில்லை. அந்த வறண்ட நாள்களின் ஒரு காட்சியைப் பார்சிலோனா மக்கள் இன்றும் சொல்வார்கள். 2002-ஆம் ஆண்டு, ரஷ்யாவின் லோகோமோட்டிவ் மாஸ்கோ அணியுடன் ஆட்டம். கோல் காவலர் முன்னேறி வந்து ஏமாந்துவிட்டார். கோல் கம்பங்களுக்கு நடுவே எவருமில்லை. எதிரணிக்காரர் ஓங்கி உதைத்தார். எங்கிருந்தோ பின்னோக்கி ஓடிவந்த புயோல், கையைத் தூக்காமல் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். பந்து அவர் சட்டையில் கழகச் சின்னம் இருந்த இடத்தில் மோதித் திரும்பியது. கையில் பட்டிருந்தால் தண்ட உதையாகியிருக்கும். அந்த அரைக் கணத்தில் கையை அடக்கி நெஞ்சைக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியதே, அதுதான் பயிற்சி.

2004-ஆம் ஆண்டு லூயிஸ் என்ரிக்கே ஓய்வு பெற்றதும் புயோல் அணித்தலைவரானார். அடுத்த பத்தாண்டுகள் அந்தப் பொறுப்பு அவரிடமே இருந்தது. வறட்சியும் நீங்கியது. 2005-ஆம் ஆண்டு ஸ்பெயின் லீக் கிண்ணம். 2006-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஆர்சனல் அணியை 2-1 என்று வென்று ஐரோப்பிய வெற்றியாளர் கிண்ணம். இவ்வாறு அவர் காலத்தில் லீக் கிண்ணம் ஆறு முறையும் ஐரோப்பியக் கிண்ணம் மூன்று முறையும் பார்சிலோனாவுக்கு வந்தன. கிண்ணங்களின் பட்டியலை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். பட்டியல் படித்தால் வானொலியை மூடிவிடுவீர்கள்.

அந்த 2006-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலேதான் அவர் தந்தை வேலையிடத்தில் நேர்ந்த விபத்தொன்றில் உயிரிழந்தார். வெளியூர் ஆட்டத்துக்குச் சென்ற மகனுக்குச் செய்தி போயிற்று. காலையில் வேலைக்குப் போன தகப்பன் மாலையில் வீடு திரும்பாமல் போவது எப்படிப்பட்டது என்று தோட்டத்து மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மகன் உலகறிந்த ஆட்டக்காரன், ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கியவன். இருந்தும் அந்தத் தந்தை தம் வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

இனி, தற்காப்பு எப்படி நடக்கிறது என்பதற்குள் கொஞ்சம் நுழைவோம். ஆப்சைட் என்ற விதியைப் பிள்ளைகள் அறிவார்கள். எதிரணித் திடலில் பந்துக்கு முன்னால் நிற்கும் ஒருவரை நோக்கிப் பந்து உதைக்கப்படும் கணத்தில், அவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் குறைந்தது இருவர் இருக்க வேண்டும். அல்லது அந்த இருவரில் முன்னால் நிற்பவருக்கு நேராகவாவது அவர் நிற்க வேண்டும். இல்லையென்றால் ஆப்சைட். அந்த இருவரில் ஒருவர் பெரும்பாலும் கோல் காவலராக இருப்பார். மற்றவர் தற்காப்பு வரிசையில் கடைசியாக நிற்பவர். இதை வைத்துத் தற்காப்பு வரிசையினர் ஒரு தந்திரம் செய்வார்கள். நால்வரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் ஒரே நேரத்தில் முன்னேறினால், எதிரணிக்காரர் பின்னால் தனியாக அகப்பட்டு ஆப்சைட் ஆகிவிடுவார். ஆனால் நால்வரில் ஒருவர் ஓரடி பிந்தினால் போதும், தந்திரம் தலைகீழாகிவிடும். எதிரணிக்காரர் கோல் காவலரை நோக்கித் தனியாக ஓடிக்கொண்டிருப்பார்.

பார்சிலோனா அணி ஆடிய முறையில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். பந்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, எதிரணியினரை அவர்கள் பக்கத்திலேயே அடைத்துவைப்பது அந்த அணியின் வழக்கம். அதற்காகத் தற்காப்பு வரிசை ஏறக்குறைய நடுக்கோடு வரைக்கும் ஏறி நிற்கும். பின்னால் அரைத் திடல் வெறுமையாகக் கிடக்கும். வலப்புறத் தற்காப்பாளரான டானி ஆல்வெஸ் வேறு பாதி நேரம் எதிரணியின் கோல் பக்கமே இருப்பார். பந்து கைமாறிவிட்டால் அவ்வளவு பரந்த இடத்தையும் ஓடிக் காக்க வேண்டியவர்கள் நடுவில் நிற்கும் இருவரே. புயோலின் வேகமும் விழிப்பும் இல்லாவிட்டால் அந்த அழகான ஆட்டத்துக்கு அடிப்படையே இல்லை. முன்னால் மெஸ்ஸியும் இனியெஸ்தாவும் கவலையின்றி ஆடினார்கள் என்றால், பின்னால் ஒருவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார் என்று பொருள்.

2008-ஆம் ஆண்டு முதல் அவருக்குத் துணையாக நடுவில் நின்றவர் ஜெரார்டு பிக்கே. பிக்கே ஆறடிக்கும் மேற்பட்ட உயரம். பந்தை அழகாக எடுத்துக் கொடுப்பார். ஒரே குறை, சில நேரம் கவனம் சிதறிவிடும். புயோலின் உயரம் 178 சென்டிமீட்டர்தான். அந்த இடத்தில் நிற்பவருக்கு அது குறைவு. ஆனால் அவருக்குக் கவனம் சிதறவே சிதறாது. மூன்று கோல் முன்னணியில் இருந்து, ஆட்டம் முடியச் சில கணங்களே இருந்தாலும், கொஞ்சம் அசந்தால் புயோல் தொண்டை கிழியக் கத்துவார் என்று பிக்கேயே சொல்லியிருக்கிறார். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. நல்ல சோடி அமைவது இப்படித்தான்.

அவர் கத்துவது தம் அணியினரைத்தான், எதிரணியினரை அன்று. 2012-ஆம் ஆண்டு ஏப்ரலில் ராயோ வல்லெக்கானோ என்ற சிறிய கழகத்தைப் பார்சிலோனா 7-0 என்று தோற்கடித்தது. ஒரு கோல் விழுந்ததும் தியாகோவும் ஆல்வெஸும் நடனமாடத் தொடங்கினார்கள். புயோல் விரைந்து சென்று அவர்களை இழுத்து, ஆட்டத்துக்குத் திரும்புங்கள் என்று அனுப்பிவிட்டார். எதிரே நின்றவர்கள் லீக்கிலிருந்து கீழே இறங்கிவிடாமல் இருக்கப் போராடிக்கொண்டிருந்த ஏழை அணியினர். தோற்றவன் முகத்துக்கு எதிரே ஆடக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது. அணித்தலைவர் கைப்பட்டை வெறும் துணியன்று என்பதை நம் பள்ளி அணித்தலைவர்களுக்கு நான் இந்த நிகழ்ச்சியைக் கொண்டுதான் விளக்குவேன்.

அந்தக் கைப்பட்டையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பார்சிலோனாவின் மற்றொரு தற்காப்பாளர் பிரான்சு நாட்டின் எரிக் அபிடால். 2011-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவருக்கு ஈரலில் கட்டி இருப்பது தெரிந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. இரண்டே மாதங்களில் அவர் தேறி வந்து, மே 28-ஆம் நாள் லண்டன் வெம்பிளி அரங்கில் நடந்த ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் முழு நேரமும் ஆடினார். காயத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த புயோல் கடைசிச் சில நிமிடங்கள் மட்டும் திடலுக்குள் வந்தார். மான்செஸ்டர் யுனைடெட் அணியை 3-1 என்று வென்றாயிற்று. கிண்ணத்தை வாங்கும் உரிமை அணித்தலைவருக்குரியது. புயோல் கைப்பட்டையைக் கழற்றி அபிடாலுக்கு அணிவித்து, கிண்ணத்தை அவரையே தூக்கச் செய்தார். ஐரோப்பா முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் ஒருவர் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார்.

இப்போது ஓராண்டு பின்னோக்கிப் போய், நாம் தொடங்கிய 2010-ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்கு வருவோம். ஸ்பெயின் அப்போது ஐரோப்பிய வெற்றியாளர். 2008-ஆம் ஆண்டு வியன்னாவில் ஜெர்மனியை வென்று அந்தப் பட்டத்தைப் பெற்றிருந்தது. ஆனால் உலகக் கிண்ணத்தில் முதல் ஆட்டத்திலேயே சுவிட்சர்லாந்திடம் 0-1 என்று தோற்றுப்போனது. இனி ஒரு தவறு செய்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்ற நிலை. அதிலிருந்து மீண்டு அரையிறுதிக்கு வந்தபோது எதிரே நின்றது மீண்டும் ஜெர்மனி. அந்த ஜெர்மனி இங்கிலாந்தை 4-1 என்றும் அர்ஜெண்டினாவை 4-0 என்றும் நொறுக்கிவிட்டு வந்திருந்தது.

ஜூலை 7-ஆம் நாள் இரவு, டர்பன் நகரம். நம் நாட்டில் அப்போது மறுநாள் விடியற்காலை 2.30 மணி. பால் வெட்டப் போகிறவர்கள் எழுந்திருக்க இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. எழுபது நிமிடங்கள் வரை இரு தரப்பிலும் கோல் இல்லை. 73-ஆம் நிமிடத்தில் ஸ்பெயினுக்கு இடப்புறத்தில் ஒரு கார்னர் கிடைத்தது. சாவி பந்தை வைத்தார். எல்லாரும் கோல் அருகே நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். புயோல் மட்டும் தண்டக் கட்டத்துக்கு வெளியே எட்டி நின்றார்.

ஏன் எட்டி நின்றார்? நீங்களே வீட்டு வாசலில் சோதித்துப் பாருங்கள். நின்ற இடத்திலிருந்து எம்பினால் எவ்வளவு உயரம் எட்டுகிறது? பத்தடி ஓடிவந்து எம்பினால் எவ்வளவு எட்டுகிறது? ஓடிவந்தவனுக்கு உயரமும் கிடைக்கும், பந்தை முட்டும்போது உடம்பின் வேகமும் சேரும். கோலருகே நிற்கும் தற்காப்பாளனோ நின்ற இடத்திலிருந்து எம்புகிறான். அவன் கண்ணும் பந்தின் மேல் இருக்கும், பின்னாலிருந்து ஓடி வருகிறவனைப் பார்க்காது. உயரம் குறைந்த புயோல் நெடிய ஜெர்மானியர்களை வெல்ல இதுவே வழி. சாவி உதைத்தார். பந்து வளைந்து வந்தது. பிக்கேயும் அதற்காக எம்பினார். அவருக்கும் மேலே, அந்த நீண்ட சுருள்முடித் தலை வந்தது. பந்து இடி விழுந்ததுபோல் வலைக்குள் போயிற்று. அந்த ஒரு கோல்தான் ஆட்டத்தின் முடிவு.

ஸ்பெயினுக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் 100. அடித்த கோல்கள் மூன்றே மூன்று. அந்த மூன்றில் ஒன்று இது. அதனால்தான் இந்தக் கோலைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கோ, நான்கு நாள் கழித்து ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த இறுதியாட்டமே அவரைச் சரியாகக் காட்டுகிறது என்று தோன்றுகிறது. நெதர்லாந்தின் ஆரியன் ரொபன் மின்னல் வேகக்காரர். அவரைத் தடுத்ததற்காகப் புயோல் தொடக்கத்திலேயே ஒரு மஞ்சள் அட்டை வாங்கிவிட்டார். இன்னொன்று வாங்கினால் வெளியேற வேண்டும். 83-ஆம் நிமிடத்தில் பந்தொன்று ஸ்பெயினின் பின்வரிசையைத் தாண்டியது. ரொபனும் புயோலும் தோளோடு தோள் உரசி ஓடினார்கள். புயோல் கையால் அவரைப் பற்றித் தாமதப்படுத்தினார். அது விதிக்கு உட்பட்டதா என்று கேட்டால், இல்லை. ரொபன் விழுந்திருந்தால் நடுவர் ஊதியிருக்கக்கூடும், புயோலும் வெளியேறியிருக்கக்கூடும். ரொபன் விழாமல் ஓடினார். ஆனால் அந்தச் சிறு தாமதம் போதுமானதாக இருந்தது. கோல் காவலர் காசியாஸ் பாய்ந்து வந்து பந்தைப் பற்றிக்கொண்டார். முறையிட்ட ரொபனுக்கே மஞ்சள் அட்டை கிடைத்தது. நெதர்லாந்துக்காரர்கள் இன்றுவரை மனம் புழுங்குவதில் நியாயம் இருக்கிறது. தற்காப்பாளனின் வேலை எப்போதும் பால்போல் வெள்ளையாக இருப்பதில்லை. சில நேரம் கத்தி முனையில் நடக்க வேண்டியிருக்கிறது. 116-ஆம் நிமிடத்தில் இனியெஸ்தா கோல் அடித்தார். உலகக் கிண்ணம் ஸ்பெயினுக்குப் போயிற்று. ஏழு ஆட்டங்களில் ஸ்பெயின் வாங்கிய கோல்கள் இரண்டே.

அப்படி ஆடியதற்கு அவர் உடம்பு விலை கொடுத்தது. முழங்காலில் காயத்தின் மேல் காயம். 2012-ஆம் ஆண்டு அறுவைச் சிகிச்சையால் ஐரோப்பியக் கிண்ணப் போட்டிக்குப் போக முடியவில்லை. ஸ்பெயின் அவர் இல்லாமலே அதை வென்றது. அதே ஆண்டு அக்டோபரில் லிஸ்பன் நகரில் பென்ஃபிக்கா அணியுடன் ஆடும்போது விழுந்து முழங்கை மூட்டு விலகியது. 2013-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உருகுவே அணிக்கு எதிராகத் தம் நூறாவது நாட்டு ஆட்டத்தை ஆடினார். அதற்குப் பிறகு ஸ்பெயின் சட்டையை அவர் அணியவில்லை.

பார்சிலோனாவுடன் அவருடைய ஒப்பந்தம் 2016 வரை இருந்தது. இருக்கையில் அமர்ந்தபடியே இரண்டு ஆண்டுகளைக் கழித்திருக்கலாம், எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். 2014-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் நாள் அவர் செய்தியாளர்களைக் கூட்டி, அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு தாம் எதிர்பார்க்கும் அளவுக்கு உடம்பு திரும்பவில்லை, பருவ இறுதியில் கழகத்தை விட்டு விலகுகிறேன் என்று அறிவித்தார். அதற்கு இரண்டு நாள் முன்புதான் அல்மெரியா அணிக்கு எதிராக ஆடியிருந்தார். அதுவே அவருடைய கடைசி ஆட்டமாயிற்று. மொத்தம் 593 அதிகாரபூர்வ ஆட்டங்கள் அந்த ஒரே கழகத்துக்காக. அத்தனை ஆட்டங்களிலும் அவர் அடித்த கோல்கள் இருபதைத் தொடவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடைசி ஆட்டத்தில் பார்சிலோனா அடித்த நான்கு கோல்களில் ஒன்று அவர் அடித்தது.